பையில் இல்லாத ரொட்டி

அத்தியாயம் ஐந்து

செத்தவனின் பை வெள்ளிக்கிழமை மதியம் ஊற்றிலிருந்து வெளியே வந்தது. செத்தவன் வரவில்லை.

ஹம்ரோவுக்கு இதைக் கேட்டவுடனேயே பிடிக்கவில்லை. மாவட்டப் போலீஸில் முப்பது வருஷம் ஆடு திருட்டு மட்டுமே பார்த்தவர் அவர். காணாமல் போன ஆடு ஒன்று ஆடாகக் கிடைக்கும், அல்லது தோலாகக் கிடைக்கும். கழுத்து மணி மட்டும் தனியாகக் கிடைத்தால் யாரோ கழற்றிப் போட்டிருக்கிறான் என்று அர்த்தம். அவர் படித்த படிப்பு அவ்வளவுதான். ஓய்வு பெற்ற பிறகும் பாய்சூன் மலைப்பக்கம் எது காணாமல் போனாலும் ஆள் அனுப்பி அவரைத்தான் கூப்பிட்டார்கள்.

இந்த முறை ஆள் அனுப்பியவள் நஸோகத் என்ற விதவை. சொல்லியனுப்பிய செய்தி சின்னது. "என் தம்பியைக் கொலைகாரன்னு பிடிச்சு வச்சிருக்காங்க. இன்னிக்கு நாலு மணிக்குக் கொண்டுபோயிடுவாங்க. ஹம்ரோ ஐயா வரணும். பர்சினும் வரணும். ஆம்பளை மட்டும் வந்தா பிரயோஜனமில்லை."

"கடைசி வரி எனக்குப் பிடிச்சிருக்கு" என்றாள் பர்சின், வேனை இரண்டாம் கியரில் மலையேற்றிக்கொண்டே. ஹம்ரோவின் அக்கா மருமகள். மலை பார்க்க வருகிறவர்களை ஏற்றி இறக்கும் குட்டி வேன் ஒன்றை ஓட்டுகிறாள். வண்டியில் ஹாரன் வேலை செய்யாது. அதற்கு அவள் வாயே போதும்.

"உன்னை எதுக்கு வரச் சொன்னா?"

"உங்களைத் தனியா அனுப்பினா யாரையும் நம்பாம திரும்பி வந்துடுவீங்கன்னு ஊருக்கே தெரியும் மாமா."

ஹம்ரோ அந்தப் பதிலையும் நம்பவில்லை.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு நஸோகத்தின் முற்றத்தில் இருந்தார்கள். முசுக்கொட்டை மரத்தோடு சேர்த்துக் கைவிலங்கு போடப்பட்டு உட்கார்ந்திருந்தான் அவள் தம்பி தூர்தி. நல்ல நிழல். மரக்கட்டிலில் சாய்ந்திருந்தான் மாவட்டத்திலிருந்து வந்த இளம் இன்ஸ்பெக்டர் ஜப்பார். நஸோகத் அவன் கிண்ணத்தில் டீயை விளிம்பு வரை ஊற்றினாள். இந்த மலையில் விருந்தாளிக்கு அரைக்கிண்ணம்தான் ஊற்றுவார்கள், திரும்பத் திரும்ப ஊற்றுவதற்காக. முழுக்க ஊற்றினால் குடித்துவிட்டு நடையைக் கட்டு என்று பொருள். ஜப்பார் நகரத்துப் பிள்ளை. நேற்று மாலையிலிருந்து பதினான்கு முழுக்கிண்ணம் குடித்துவிட்டு, இந்த வீட்டு உபசாரத்தை மெச்சிக்கொண்டிருந்தான்.

"கேஸு ரொம்ப சாதாரணம் பெரியவரே" என்றான். "செவ்வாய்க்கிழமை கெல்தியாரும் இவனும் மலை பார்க்க வந்த அஞ்சு பேரை மேல கூட்டிட்டுப் போறாங்க. அவங்க கீழே ஓடையில டீ போட்டுட்டு இருக்கறப்ப, கெல்தியார் அந்த அடியே இல்லாத குழி, அடியிலிக் குழிக்குள்ள இறங்கறான். மேல கயிறு பிடிச்சது இவன் ஒருத்தன். கொஞ்ச நேரத்துல 'கயிறு லேசாயிடுச்சு'ன்னு இவன் கத்தறான். இழுத்தா வெறுங்கயிறு."

இதில் புதுசு ஒன்றுமில்லை. கெல்தியார் அந்தக் குழியில் பத்து வருஷமாக இறங்குகிறவன். அவனைத் தவிர வேறு எவனும் அதில் தலையை நீட்டிக்கூடப் பார்த்ததில்லை. மூன்று மணி நேரம் கழித்து மேலே வருவான். அடியில் ஏரி இருக்கிறது, கண்ணில்லாத வெள்ளை மீன் இருக்கிறது, கல்லாகிப் போன நாற்பது கன்னிகள் இருக்கிறார்கள் என்பான். கல்யாண வீடுகளில் அவனுக்கென்று தனியாகக் கறி எடுத்து வைப்பார்கள். வருகிற திங்கட்கிழமை தாஷ்கண்டிலிருந்து குழியை அளக்க ஒரு குழு வருவதாகவும், கெல்தியார்தான் வழிகாட்டி என்றும் ஊரே பேசிக்கொண்டிருந்தது. இப்போது அதே ஊர் செத்தவர்களுக்கு ஓதும் ஃபாத்திஹாவை அவனுக்கு ஓதிக்கொண்டிருக்கிறது.

"இவன்தான் கொன்னான்னு எதை வச்சு சொல்றே தம்பி?"

"ஒரே ஒரு கேள்வி கேட்டேன். கயிறு எத்தனை மீட்டர் உள்ள போச்சு? அவ்வளவுதான். பதினேழு தடவை கேட்டுட்டேன். வாயைத் திறக்க மாட்டேங்கறான். சொன்னா ஆள் எங்க விழுந்தான்னு தெரிஞ்சிடும். சொல்லலைன்னா? கயிறே இறங்கலை. மேலயே தள்ளிவிட்டுட்டான்."

ஹம்ரோ மரத்தடிக்குப் போனார்.

"எத்தனை மீட்டர்டா?"

தூர்தி தரையைப் பார்த்தான்.

"பதினெட்டு" என்று கணக்கை ஏற்றினான் ஜப்பார்.

பையிலிருந்த சாமான்கள் கட்டிலில் காய்ந்துகொண்டிருந்தன. குழிக்குள் விழுவது எதுவானாலும் மூன்றாம் நாள் கீழே ஊர்க்கோடி ஊற்றில் வந்துவிடும். இடையர்கள் உமி போட்டுப் பார்த்துச் சொன்ன கணக்கு. பை அந்தக் கணக்கை மீறவில்லை. டார்ச், கத்தி, தகரக் குவளை, ஊறிப்போன டீத்தூள், பொத பொதவென்று வீங்கிய உலர்தயிர் உருண்டைகள். அடியில் ஒரு துணி. நான்காக மடித்திருந்தது.

ஹம்ரோ துணியைப் பிரித்தார், முகர்ந்தார், உதறினார்.

"இது ரொட்டி கட்டற துணி. ரொட்டி எங்க?"

"தண்ணியில கரைஞ்சிருக்கும்."

"கரையறதுக்கு முன்னாடி துணியை மடிச்சு வச்சுட்டுப் போச்சா?"

பர்சின் இருமினாள். ஜப்பார் பதினைந்தாவது கிண்ணத்தைக் கையில் எடுத்தான்.

"ரொட்டி இருந்துச்சாடா?" என்று கேட்டார் ஹம்ரோ.

இதற்குத் தூர்தி பதில் சொன்னான். "இருந்துச்சு ஐயா. பஜார் ரொட்டி, தடியா ஒண்ணு. நான்தான் துணியில சுத்தி அவன் பையில வச்சேன்."

"அப்ப இதுக்கெல்லாம் வாய் திறக்குது."

தூர்தி மறுபடி தரையைப் பார்த்தான்.

நஸோகத் ஹம்ரோவுக்கும் பர்சினுக்கும் அரைக்கிண்ணம் ஊற்றி, ரொட்டியைப் பிட்டு முன்னால் வைத்தாள். வீட்டு ரொட்டி, மெல்லிசு. நடுவில் அச்சுக் குத்திய பூ. ஏழு இதழில் ஒன்று பாதிதான் விழுந்திருந்தது. அச்சில் ஒரு ஊசி உடைந்திருக்க வேண்டும். ஹம்ரோ தின்றார். எதையும் பார்த்துவிட்டுத் தின்பதுதான் அவர் வழக்கம்.

"உனக்கு என்னம்மா தெரியும்?" என்றார் அவளிடம்.

"என்கிட்ட ஒண்ணும் கேக்காதீங்க ஐயா."

"கூப்பிட்டதே நீதானே!"

"கூப்பிட்டேன். கேக்காதீங்க." அவள் கண் சிவந்திருந்தது. "நாலு மணிக்கு ஜீப் வந்துடும். அவனுக்கு என்னை விட்டா யாருமில்லை. மலைக்குப் போங்க. பர்சினையும் கூட்டிட்டுப் போங்க."

"ரெண்டாவது தடவை சொல்லிட்டா" என்றாள் பர்சின் வெளியே வந்ததும். "நான் இவ்வளவு முக்கியம்னு என் வீட்டுக்காரருக்கு யாராவது சொன்னா தேவலை."

*

அடியிலிக் குழிக்கு இரண்டு மணி நேர ஏற்றம். மலை முழுக்கச் சுண்ணாம்புக் கல். மழை தின்ற கல், சல்லடை மாதிரி. காலை எங்கே வைத்தாலும் கீழே பொந்து இருக்குமோ என்று சந்தேகம் வரும். ஹம்ரோவுக்கு அந்த மலை பிடிக்கும். சந்தேகப்பட நியாயமான காரணம் தருகிற மலை.

"மாமா, ஒரு ரொட்டிக்காகவா இவ்வளவு தூரம்?"

"தரையில ரொட்டித் துண்டு கிடந்தா நீ என்ன பண்ணுவே?"

"எடுத்து முத்தம் குடுத்துட்டு, உசரமான இடத்துல வைப்பேன். எல்லாரும் பண்றதுதானே."

"குடிகாரன்?"

"அவனும் அதைத்தான் பண்ணுவான். கீழே விழுந்துகிட்டே பண்ணுவான்."

"திருடன்?"

"என் மச்சினனைக் கேக்கறீங்களா? வைப்பான்."

"அதான். ஒருத்தன் இந்தப் பையைத் தண்ணியில போடணும்னு முடிவு பண்ணியிருக்கான். டார்ச்சைப் போட்டான், கத்தியைப் போட்டான். ரொட்டியைத் தண்ணியில போட அவனுக்குக் கை வரலை. வெளிய எடுத்தான், பழக்க தோஷத்துல துணியை மடிச்சு உள்ள வச்சான், அப்புறம் பையைப் போட்டான். தவறி விழுந்தவனுக்கு அதுக்கெல்லாம் நேரம் கிடையாது."

பர்சின் ஒரு பாறை தூரம் பேசாமல் நடந்தாள். அவளுக்கு அது நீண்ட நேரம்.

"அப்ப கொலைகாரன்தான் ரொட்டியை எடுத்தானா? தூர்தியாவும் இருக்கலாமே?"

"இருக்கலாம். நான் அவனை நம்பறேன்னு எப்பச் சொன்னேன்?"

குழியின் வாயில் ஹம்ரோ ஒவ்வொரு பாறை இடுக்காகத் தடவினார். ரொட்டி வைக்கத் தோதான உயரம் அத்தனையும் பார்த்தார். பல்லி இருந்தது. ரொட்டி இல்லை. ஒரு மணி நேரம் போயிற்று. பர்சின் குழியோரம் உட்கார்ந்து பொழுது போகாமல் புறா எண்ணினாள்.

"இருபத்தொண்ணு."

"என்ன இருபத்தொண்ணு?"

"உள்ள போன புறா. ஒண்ணு கூட வெளிய வரலை. உள்ள என்ன கல்யாண விருந்தா?"

ஹம்ரோ பாறையை விட்டுவிட்டு நிமிர்ந்தார். இன்னும் இரண்டு புறா அவர் தலைக்கு மேலே வந்து, சிறகை மடக்கி, குழிக்குள் விழுந்தன. அவை வந்த திசையைப் பார்த்தார். கிழக்கே, கீழே, மலை பிளந்த இடுக்கில் புறாக்கூட்டம் ஒன்று பாறைச்சுவரிலிருந்து கிளம்பிக்கொண்டிருந்தது. கிளம்பி, வட்டமடித்து, மேலே வந்து, மறுபடி குழி.

"அது எந்த இடம்?"

"நாற்பது கன்னியர் ஊத்து. குகைக்குள்ள இருக்குமே, பிள்ளை வரம் கேக்கப் போவாங்க. நானும் போயிருக்கேன். ஒண்ணு கேட்டேன், ரெட்டையாக் குடுத்துட்டாங்க. அதுக்கப்புறம் பயந்து போகலை."

"அந்தக் குகைக்குப் பின்னாடி என்ன இருக்கு?"

"இருட்டு. யாரும் பின்னாடி போகமாட்டோம். தண்ணியை மொண்டு, தொழுதுட்டு வந்துடுவோம்."

"ஆம்பளைங்க?"

"ஆம்பளை கால் வச்சா ஊத்து வத்திடும். அது உங்களுக்கே தெரியுமே."

"ரெண்டு நாள் தேடினவங்க எல்லாரும் ஆம்பளைங்க" என்றார் ஹம்ரோ.

பர்சின் எழுந்து பாவாடையைத் தட்டினாள். "அப்ப நஸோகத் என்னைக் கூப்பிட்டது என் அழகுக்காக இல்லை."

*

இடுக்குக்குள் இறங்கும்போது மணி ஒன்று. இருபுறமும் சுவர், நடுவில் முழங்கால் அளவு தண்ணீர், எலும்பைத் தொடும் குளிர். ஹம்ரோவின் முழங்கால் முப்பது வருஷத்து ஆட்டுத் திருடர்களையும் பெயர் சொல்லித் திட்டியது.

குகை வாசலுக்கு இருபது அடி முன்னால் அவர் நின்றுவிட்டார். பாதை ஓரக் கல் ஒன்றில் குகைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். யாரையும் நம்பாதவர்தான். அந்த நாற்பது பேரை மட்டும் கொஞ்சம் நம்பினார்.

"போய்ப் பாரு. உசரமான இடமாப் பாரு. எதையும் தொடாதே. முக்கியமா, வாயை மூடிக்கிட்டுப் பாரு."

"எல்லாம் ஒரே நேரத்துலயா?" என்றபடி பர்சின் வாசலில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே போனாள்.

பத்து நிமிஷத்தில் திரும்பி வந்தாள். முகத்தில் கிண்டல் இல்லை. ஹம்ரோ அதைக் கெட்ட சகுனமாக எடுத்துக்கொண்டார்.

"இருக்கு மாமா. பின்பக்கம் தலைக்கு மேல ஒரு மாடம். அதுல ரெண்டு ரொட்டி, முகம் மேல பார்த்து வச்சிருக்கு."

"ரெண்டா?"

"ஒண்ணு தடி ரொட்டி. முழுசா இருக்கு, காஞ்சு கல்லாயிடுச்சு. தூர்தி சொன்ன பஜார் ரொட்டி அதுதான். இன்னொண்ணு மெல்லிசு, வீட்டு ரொட்டி." அவள் தன் உதட்டைத் தொட்டுக் காட்டினாள். "ஓரத்துல ஒரு வாய் கடிச்சிருக்கு. ஒரே ஒரு வாய்."

ஹம்ரோ தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

ரொட்டியில் ஒரே ஒரு வாய் கடித்துவிட்டு வைக்கிறவன் பசிக்குத் தின்கிறவனல்ல. தூர தேசம் கிளம்புகிறவன். பட்டாளத்துக்குப் போகிற பையனும் அப்படித்தான் கடிப்பான், மாஸ்கோவுக்குக் கட்டட வேலைக்குப் போகிறவனும் அப்படித்தான் கடிப்பான். மிச்சத்தை வீட்டார் சுவரில் மாட்டி வைப்பார்கள். திரும்பி வந்து அவனே தின்றாக வேண்டும்.

"கொலைகாரன் இதைப் பண்ணமாட்டான்" என்றார். "செத்தவனும் பண்ணமாட்டான். கெல்தியார் உசிரோட இருக்கான். திரும்பி வரணும்னு வேற நினைக்கறான், நாயி."

"ஆனா அந்த ரொட்டியை யாரு குடுத்தா? கடிக்கற ரொட்டியைத் தானே எடுத்துக் கடிக்கறது வழக்கமில்லையே. வழியனுப்பற ஆள் கையில பிடிச்சுக் குடுக்கணும்."

"பூ எப்படி இருந்துச்சு?"

"எந்தப் பூ?"

"ரொட்டி நடுவுல, அச்சு."

பர்சின் கண்ணை மூடி யோசித்தாள். "ஏழு இதழ். ஒண்ணு..." கண் திறந்துகொண்டது. "ஒண்ணு பாதி. மாமா! காலையில நம்ம தின்னது அதே பூ!"

"ஆமா."

"நஸோகத்தா? அவதானே உங்களைக் கூப்பிட்டா! ஆளை ஒளிச்சு வச்சதும் அவ, தேட ஆள் வச்சதும் அவளா? பைத்தியமா அவளுக்கு? தம்பி மரத்துல கட்டிக் கிடக்கான், வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னா முடிஞ்சது!"

"சொல்ல முடியாதுன்னா?"

"ஏன் முடியாது?"

"சொல்லமாட்டேன்னு எதைக் கையில பிடிச்சு சத்தியம் பண்ணியிருப்பா?"

பர்சின் குகையைத் திரும்பிப் பார்த்தாள். அவளுக்குப் பதில் தெரியும். ரொட்டியைப் பிடித்துச் சொன்ன சத்தியத்தை இந்த மலையில் எந்தப் பெண்ணும் மீறமாட்டாள். மீறினால் பிள்ளைகளுக்குச் சோறு நிற்காது. ஆனால் துப்பறிய ஆள் வைக்கக்கூடாது என்று அந்தச் சத்தியத்தில் யாரும் சேர்த்துக்கொள்வதில்லை.

"கெட்டிக்காரி" என்றாள் மெதுவாக. "சரி, ஆள் எங்க? உள்ள யாருமில்லை. ஒரு பொம்பளை மட்டும் மூலையில தொழுதுட்டிருக்கா. முகத்தை மூடிட்டு, முதுகைக் காட்டிட்டு. பாவம், நான் போனதும் இன்னும் குனிஞ்சுட்டா."

"அவ செருப்பு எங்க?"

"வாசல்லதான் இருக்கும். எல்லாரும்..."

வாசலில் பர்சின் போட மறந்த செருப்பு ஒரு ஜோடி கிடந்தது. அதற்குப் பக்கத்தில் வெறும் கல்.

ஹம்ரோவும் கழுத்தை மட்டும் திருப்பி அந்த ஒரு ஜோடியைப் பார்த்தார்.

"வாசல் வழியா வராதவளுக்கு வாசல்ல செருப்பு எப்படி இருக்கும்?" என்றார் ஹம்ரோ. "அவ மேலேர்ந்து வந்தவ. புறா மாதிரி."

பர்சின் குகைப் பக்கம் ஒரு அடி வைத்தாள். ஹம்ரோ அவள் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு, முதுகைத் திருப்பாமலே, மலைக்கு மலை ஆடு கூப்பிடுகிற குரலில் கத்தினார்.

"கெல்தியார்! தூர்தியைக் கைவிலங்கு போட்டு மரத்துல கட்டியிருக்காங்க. உன்னைக் கொன்னுட்டானாம். நாலு மணிக்கு ஜீப். கேட்டுச்சா? உனக்கு இன்னும் தொழுகை பாக்கியிருந்தா முடிச்சுட்டு வா. நாங்க போறோம்."

போகவில்லை. தண்ணீர்ச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு குகைக்குள் கல் உருண்டது. நஸோகத்தின் பூப்போட்ட தலைத்துணியைக் கழற்றிக் கையில் சுருட்டியபடி, நான்கு நாளில் பாதியாய்ப் போன ஒரு தாடிக்காரன் வெளிச்சத்துக்கு வந்தான்.

"அவனையா?" என்றான். "தூர்தியையா?"

"வேற யாரைப் பிடிப்பாங்க? கயிறு யாரு கையில இருந்துச்சு?" என்றாள் பர்சின். "ஊத்து வத்தலையா? பார்த்துட்டேன், வத்தலை. உன்னை அதுவும் ஆம்பளையா எடுத்துக்கலை போலிருக்கு."

கெல்தியார் கல்லில் உட்கார்ந்தான். "எனக்குத் தெரியாது ஹம்ரோ ஐயா, சத்தியமா. நஸோகத் புதன்கிழமை வந்தா, அவகிட்ட மட்டும்தான் சொல்லியிருந்தேன். அதுக்கப்புறம் வரலை. தவறி விழுந்துட்டான்னு ரெண்டு நாள் அழுவாங்க, பை வந்ததும் தேடறதை நிறுத்துவாங்க, இன்னிக்கு இருட்டினதும் மேற்குக் கணவாய் வழியாப் போயிடலாம்னு இருந்தேன். ரெண்டு வருஷம் கழிச்சு வருவேன். தண்ணி இழுத்துட்டுப் போய் எங்கேயோ கரை சேர்த்துச்சும்பேன்."

"அதையும் நம்பியிருப்பாங்க" என்றாள் பர்சின். "இன்னும் பெரிசாக் கறி வெட்டியிருப்பாங்க."

"எதுக்குடா இதெல்லாம்?"

அவன் ஓடையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். முதல் தடவை இறங்கும்போது கொஞ்ச ஆழத்திலேயே ஒரு திட்டு வந்தது. அதற்குக் கீழே இருட்டு. டார்ச்சை அடித்தான், வெளிச்சம் எதிலும் படவில்லை. திட்டில் உட்கார்ந்தான். பக்கத்தில் ஒரு பொந்து, தவழ்ந்து போனால் இந்தக் குகையின் பின்பக்கம். மூன்று மணி நேரம் உட்கார்ந்து டீ குடித்துவிட்டு மேலே போனான். என்ன பார்த்தாய் என்று கேட்டார்கள். ஏரி என்று சொல்லிவிட்டான்.

"அடுத்த வருஷம் மீன் வேணும்னாங்க" என்றான். "மீன் சொன்னேன்."

பத்து வருஷம். இப்போது திங்கட்கிழமை அளவு கருவியோடு ஒரு குழு வருகிறது. முதல் ஆளாக அவன் இறங்க வேண்டும்.

"என்னால அந்தத் திட்டுக்குக் கீழே ஒரு அடி போக முடியாது. ஊர் முன்னாடி அதை எப்படிச் சொல்றது? செத்துடறது சுலபமாப் பட்டுச்சு."

"இப்ப அதைத்தான் சொல்லணும்" என்றார் ஹம்ரோ எழுந்துகொண்டே. "நீ உசிரோட நிக்கறதைப் பார்த்தா இன்ஸ்பெக்டர் தூர்தியை அவிழ்த்துடுவான். ஆனா எப்படி வெளிய வந்தேன்னு கேட்பான். என்ன சொல்லுவே?"

கெல்தியாரின் வாய் திறந்தது. கண்ணில் பழைய வெளிச்சம் ஒன்று வந்தது.

"ஏரியை நீந்தினேன்னு சொன்னே, நானே உன்னைத் திருப்பி உள்ள போட்டுடுவேன்" என்றாள் பர்சின்.

*

ஜீப் சீக்கிரமே வந்துவிட்டது. அவர்கள் முற்றத்துக்குள் நுழையும்போது தூர்தியை மரத்திலிருந்து அவிழ்த்து, இரண்டு கையையும் சேர்த்து விலங்கு மாட்டிக்கொண்டிருந்தார்கள். வேலியைச் சுற்றி அரை ஊர். நஸோகத் வாசல்படியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

முதலில் கத்தியது ஒரு கிழவன். பிறகு எல்லோரும். ஒருவன் ஓடியே போனான். கெல்தியார் கூட்டத்தைப் பிளந்துகொண்டு கட்டிலுக்கு முன்னால் வந்து நின்றான். பர்சின் அவனுக்குப் பின்னால் ஒரு முழ தூரத்தில் நின்றாள், தேவைப்பட்டால் பிடிக்க, அல்லது தள்ள.

ஹம்ரோ படிக்குப் போனார். "உன் சத்தியம் பத்திரமா இருக்கு" என்றார் தாழ்ந்த குரலில்.

"நான் ஒண்ணும் சொல்லலையே ஐயா?"

"ஒரு வார்த்தை சொல்லலை."

அவள் அப்படியே படியில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டாள். ஏன் அவனுக்காக அப்படியொரு சத்தியம் செய்தாள் என்று ஹம்ரோ கேட்கவில்லை. ஆட்டுத் திருட்டில் வராத விஷயம் அது.

ஜப்பாருக்கு வேர்த்திருந்தது. எழுதி முடித்த மூன்று பக்க அறிக்கை அவன் கையில் இருந்தது. "நீ செத்துட்டியே!" என்றான் குற்றம் சாட்டுகிற மாதிரி.

"இல்லை சார்" என்றான் கெல்தியார். ஊரைப் பார்த்தான். தொண்டையைச் செருமினான். இதே முற்றத்தில் எத்தனையோ தடவை கதை சொன்னவன்தான். இப்போது குரல் வேலியைத் தாண்டவில்லை. "அடியில ஏரி இல்லை. இருக்கோ என்னவோ, எனக்குத் தெரியாது. நான் அடிக்குப் போனதே இல்லை. பத்து வருஷமும் ஒரு திட்டுல உக்காந்துட்டு வந்திருக்கேன். எனக்குப் பயம். தூர்திக்கு இதுல ஒரு சம்பந்தமும் இல்லை. அவனுக்கு ஒண்ணும் தெரியாது."

யாரோ ஒரு பெண், "அப்ப மீனு?" என்றாள். அவளைப் பக்கத்திலிருந்தவள் இடித்தாள்.

"நாப்பத்திரண்டு" என்றான் தூர்தி.

எல்லோரும் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"நாப்பத்திரண்டு மீட்டர். ஒவ்வொரு தடவையும் அவ்வளவுதான். நாப்பத்திரண்டுல கயிறு நிக்கும், மூணு மணி நேரம் அசையாது, அப்புறம் மேல வரும். கயிறு என் கையில இருக்கு. எனக்குத் தெரியாதா?"

கெல்தியாரின் முகம் வெளுத்துவிட்டது. "மொத தடவையிலேர்ந்தா?"

"மொத தடவையிலேர்ந்து."

ஹம்ரோ அவனையே பார்த்தார். முப்பது வருஷத்தில் எத்தனையோ ஆட்கள் அவரிடம் மறைத்திருக்கிறார்கள். எல்லோரும் தங்களுக்காக மறைத்தவர்கள். இவன் கயிற்றுக் கணக்கைச் சொல்லியிருந்தால் திட்டைத் தேடியிருப்பார்கள், பொந்தைத் தேடியிருப்பார்கள், இவன் கையில் விலங்கே விழுந்திருக்காது. இப்படி ஒரு ஆளை முன்னே பின்னே பார்த்ததில்லை என்பதால் என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

"பதினெட்டு தடவை கேட்டேனே!" என்றான் ஜப்பார். அழுதுவிடுவான் போலிருந்தது. "அதைச் சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?"

"செத்துட்டான்னு நினைச்சேன் சார். ஊரே ஓதிட்டிருக்கு. அந்த நேரத்துலயா போய், அவன் நாப்பத்திரண்டுக்குக் கீழே போனதில்லைன்னு சொல்றது?"

ஜப்பார் அறிக்கையை மடித்தான். சாவியை எடுத்து விலங்கைத் திறந்தான். தூர்தி மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே கெல்தியாரிடம் நடந்து வந்தான். இரண்டடி தூரத்தில் நின்றான். பர்சின் ஒதுங்கி இடம் விட்டாள். அடி விழும் என்று ஊரே எதிர்பார்த்தது. ஹம்ரோவும் எதிர்பார்த்தார். விழவேண்டிய அடிதான் என்று நினைத்தார்.

"திங்கக்கிழமை அந்த ஆளுங்க வர்றாங்க" என்றான் தூர்தி. "வழிகாட்டி வேணும். நான் இறங்கறேன். கயிறை நீ பிடி."

கெல்தியார் தலை நிமிர்ந்தான். "எவ்வளவு விடட்டும்?"

"நான் நிறுத்துன்னு சொல்ற வரைக்கும்" என்றான் தூர்தி. "அதுக்கப்புறம் எத்தனைன்னு எவன் கேட்டாலும் சொல்லு."